வம்சத்துக்குப் பல் தர மாட்டேன்

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மடிக்கும் வேலை, எனக்கும் அக்காவுக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரே பஸ்ஸில் போய் வருவோம். அக்காவுக்கு நாற்பத்தைந்து வயதிலேயே பல் அத்தனையும் போய், இப்போது செட் மாட்டியிருக்கிறாள். கொய்யாக்காயைக் கடித்தால் செட் கழன்று கையோடு வந்துவிடும். அதனால் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் நான்தான் அவளுக்குக் காக்காக்கடி கடித்துக் கொடுப்பேன். எச்சில் படாமலிருக்க ஊரில் சேலைத் தலைப்பைச் சுற்றுவார்கள். எங்களுக்குத்தான் துணிக்குப் பஞ்சமில்லையே, கழிவில் விழுந்த பேண்டேஜ் துண்டைச் சுற்றிக்கொள்வோம்.

அன்றைக்கு ஒரு கடி கடித்துவிட்டுப் பார்த்தால், வெள்ளைத் துணியில் சிவப்பாக ஒரு கோடு.

"சூடு," என்றாள் அக்கா. "ரெண்டு நாளு மோர் குடி. ரத்தம் வார பக்கம் பிரஷ்ஷை வைக்காத. நம்ம வம்சமே அப்படித்தான்ட்டி. நாப்பதத் தாண்டுனா பல்லு நிக்காது."

எனக்கு நாற்பத்தொன்று. ஆத்திரமாக வந்தது. ஆனால் என் லட்சணத்தையும் சொல்ல வேண்டும். ஆறேழு மாதமாகவே பல் தேய்த்துத் துப்பும் நுரை ரோஸ் நிறத்தில்தான் இருந்தது. எவ்வளவு தேய்த்தாலும் வாய் நாற்றம் போகவில்லை. நானும் இடது பக்கத்தைத் தொடாமல், வலது பக்கம் மட்டும் தேய்த்துப் பெரிய கெட்டிக்காரி மாதிரி காலத்தை ஓட்டியிருந்தேன்.

சனிக்கிழமை பல் டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்றதும், அக்கா பஸ்ஸிலேயே சண்டைக்கு வந்தாள்.

"சுத்தம் பண்ணுதோம்னு சுரண்டுவாக. பொறவு நல்ல பல்லும் ஆட ஆரம்பிச்சிரும். ஒனக்கு எதுக்கு இந்த வேலை?"

"ஆடுனா ஆடட்டும். சும்மா உக்காந்து பறிகொடுக்க மாட்டேன்," என்றேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

டாக்டர் சின்ன வயசுப் பெண். கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்து என் வாயை எனக்கே காட்டினார். வலது பக்கம் ஈறு வெளிர் நிறமாய்ப் பல்லோடு ஒட்டியிருந்தது. இடது பக்கம் சிவந்து உப்பி, பல்லை விட்டு விலகி நின்றது.

"வலிக்கவே இல்லையே டாக்டர்?"

"ஆரம்பத்துல வலிக்காதும்மா. வலி வர்றதுக்குள்ள பல்லைத் தாங்குற எலும்பு கரைஞ்சிரும். முதல்ல ரத்தம்தான் சொல்லும். நீங்க தேய்க்காம விட்ட இடத்துலதான் அழுக்கு காரையா இறுகிக் கிடக்கு."

காரையை எடுத்தார். எலும்பு இன்னும் கெடவில்லை, பல் நிற்கும் என்றார். நாற்காலியிலேயே அழுதுவிட்டேன். வீட்டுக்கு வந்து இரண்டு பக்கமும் மெதுவாக, விடாமல் தேய்த்தேன். முதல் சில நாள் ரத்தம் வந்தது. "பாத்தியா?" என்றாள் அக்கா. நான் நிறுத்தவில்லை. இரண்டு வாரத்தில் துப்பிய நுரை வெள்ளையாக இருந்தது.

ஜெயித்த திமிரில், மறுநாள் துணி மடித்துக்கொண்டே டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் அக்காவிடம் ஒப்பித்தேன். வழக்கம்போல் எதிர்த்துப் பேசுவாள் என்று காத்திருந்தேன். அவள் கை நின்றுவிட்டது.

"எனக்கும் வலிக்கலையேட்டி. ரத்தம் மட்டுந்தான். ரெண்டு வருசம் வந்துச்சு."

வேலை நேரத்தில் போன் எடுக்கக்கூடாது என்பதையும் மதிக்காமல், மதுரையில் கட்டிக்கொடுத்த தன் மகளைக் கூப்பிட்டாள்.

"ஏட்டி, பல்லு தேய்க்கையில ரத்தம் வருதா? சூடு கீடுன்னு சொல்லாத. வருதா, இல்லையா?"