கல்லைக் கொட்டிக் கொள்ளு விளைத்தேன்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆனாலும் கல் மண்ணாவதைக் கண்டறிந்து அதில் வெள்ளாமை எடுத்தவன் எங்கள் வட்டாரத்தில் இன்னொருவன் இருந்தால் காட்டுங்கள், பார்ப்போம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் பஞ்சு விலை விழுந்து கிடந்த நேரம். சென்னிமலைக்கு மேற்கே நான் வாங்கிய மானாவாரிக் காடு முக்கால்வாசி பாறை. முதல் வருஷம் விதைத்தது முளைத்த வேகத்தில் கருகிப்போனது. பெருந்துறையிலிருந்து மாமனார் வந்து பார்த்தார்.

"ஏனுங் மாப்பிள்ளை, அடுத்த வெள்ளாமையும் போச்சுன்னா அம்மணியக் கூட்டிட்டு நம்மூட்டுக்கே வந்துபோடுங்க. பண்ணையம் பாத்துட்டு இருக்கலாமுங்க."

மாமனார் வீட்டில் உட்கார்ந்து தின்கிற ஆளா நான்?

பக்கத்துக் காட்டில் எந்தக் காலத்திலோ கிணறு வெட்டிக் கொட்டிய கல் மேடாகக் கிடந்தது. அதன்மேல் எல்லோரும் ஆடு மேய்த்தார்கள். கல்மேட்டில் புல் எப்படி வந்தது என்று யோசித்தவன் நான் ஒருவன்தான். ஒரு கல்லை எடுத்து நெரித்தேன். உளுத்த மரம்போலப் பொடிந்தது. விரலில் காக்காப்பொன் மினுங்கியது. வெளுத்த பகுதி தண்ணீர் பட்டதும் களிமண்ணாக ஒட்டியது. வெங்கச்சங்கல் என்கிற பளிங்குக்கல் மட்டும் வெள்ளையாக, பொடியாமல் இருந்தது. பூமிக்குள்ளேயே ஈரம் ஊறிப் பாதி இற்ற கல் அது. மீதி வேலையை வெளியே வெயிலும் மழையும் பார்த்துவிட்டன.

கேட்டதும் மேட்டுக்காரர் சிரித்தார். "அள்ளிட்டுப் போங்க. எனக்கு எடம் மிச்சமுங்க."

சுமந்து கொட்டினேன். என் மனைவி வெங்கச்சங்கல்லைப் பொறுக்கி வரப்பாக அடுக்கினாள்.

"பாறைக்காட்டுல கல்லக் கொண்டாந்து கொட்டறது ஒலகத்துலயே நீங்க ஒருத்தர்தானுங்க. எங்கப்பாரு அங்க உங்களுக்குக் கட்டிலே போட்டு வெச்சிருப்பாரு."

"பொறுக்கு அம்மணி, பேச்சு அப்பறம்."

ஆட்டுப்பட்டி போட்டுப் புழுக்கை சேர்த்து, ஐப்பசி மழையில் கொள்ளு விதைத்தேன். அதன்பின் மழை ஓய்ந்துவிட்டது. தினமும் விடிந்ததும் குனிந்து தொட்டுப் பார்ப்பேன். மேலே காய்ந்திருக்கும், விரலை உள்ளே விட்டால் ஈரம். கொடி வாடவில்லை.

மார்கழியில் மாமனார் வந்தார். எங்களை அழைத்துப் போகத்தான். காட்டைப் பார்த்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே இறங்கி, ஒரு செடியைப் பிடுங்கினார். கல் துண்டுக்குள் வேர் ஓடியிருந்தது.

"கல்லயே தொளைச்சுப்போட்டுதுங்களே மாப்பிள்ளை!"

"அது கல்லு இல்லீங் மாமா. மண்ணாயிட்டு இருக்குது."

"அந்தப் பக்கம் பாறை இன்னும் மொட்டையாக் கெடக்குதே?"

"அடுத்த மேடு எங்க இருக்குதுன்னு பாத்து வெச்சிருக்கறனுங்க."

மாமனார் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, தனியாகவே பஸ் ஏறினார்.