வடைப் பொட்டலத்தில் போன நாவல்

என் பேத்தியின் பள்ளிக்கூடத்தில் ஒரு நாவலைப் பாடமாக வைத்துவிட்டார்கள் என்று எங்கள் வீட்டில் ஒரு வாரமாக ரகளை. ரகளையெல்லாம் மருமகளின் போனுக்குள்தான். அந்த வகுப்புப் பெற்றோர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. ஒருத்தர், பிள்ளைகள் மனசு கெட்டுப்போகும், புத்தகத்தை உடனே எடுங்கள் என்கிறார். இன்னொருத்தர், இது காலத்தில் நின்ற நாவல், உங்களுக்குத்தான் ரசனை போதாது என்கிறார். ஒரு அம்மா, இதைப் படித்ததிலிருந்து தன் பையன் கடைக்குக்கூடத் தனியாகப் போகமாட்டேன் என்கிறான் என்று அழுது எழுதியிருக்கிறாள். அப்படி என்னதான் கதை என்று பேத்தியைக் கேட்டேன். பஞ்ச காலத்தில் ஒரு தகப்பன் தன் கடைசிப் பையனை ரயில்வே ஸ்டேஷனில் விட்டுவிட்டுப் போய்விடுகிறான் பாட்டி, என்று ஆரம்பித்தாள். மீதிக் கதையை நான் சொன்னேன். அசந்துவிட்டாள்.

நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் போகாதவள். அதை மறைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. கேளம்பாக்கத்தில் கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள் வரிசையில் நின்று சாப்பிடுகிற மெஸ் என்னுடையது. மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்தாற்போல் நிற்கிற லாட்ஜும் என்னுடையதுதான். எம்.காம். படித்தவர்கள் என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள். அப்படிப்பட்ட நான் ஆயுளில் முழுசாகப் படித்த நாவல் ஒன்றே ஒன்று. அது இதுதான். அதையும் எண்ணெய் வாசத்தோடுதான் படித்தேன்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மாமல்லபுரம் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே எங்கள் நைனா, அதாவது அப்பா, நாஸ்தா கடை வைத்திருந்தார். ஓலைக்கூரை, இரண்டு பெஞ்சு, ஒரு பெரிய அடுப்பு. எங்கள் நைனா வடை போட்டால் வாசம் குப்பம் வரைக்கும் போகும். வெள்ளைக்காரர்கள்கூட நின்று வாங்கித் தின்றுவிட்டுப் போவார்கள். இன்றைக்கு என் மெஸ்ஸில் எத்தனை மாஸ்டர்கள் இருந்தாலும் அந்தக் கை ஒருத்தனுக்கும் வரவில்லை.

நைனாவுக்கு அப்பா, அம்மா, சொந்த ஊர் என்று எதுவும் கிடையாது. செங்கல்பட்டு ஜங்ஷனில் எச்சில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த சின்னப் பையனை ஒரு ஓட்டல்காரர் கூட்டிவந்து வளர்த்தார் என்பது வரைக்கும்தான் எங்களுக்குத் தெரியும். அவருக்கு எந்த ஊர் என்று யாராவது கேட்டால், எங்க நைனா ஜங்ஷன்லயே பொறந்தவர் என்று நான் பெருமையாகச் சொல்வேன். பெரிய இடத்தில் பிறந்தவர்கள் அப்படித்தான் பிறப்பார்கள் என்று எனக்கு எண்ணம். செங்கல்பட்டுக்குச் சரக்கு எடுக்கப் போனால் பிளாட்பாரத்துக்குள் போய் ஒரு டீ குடிக்காமல் திரும்பமாட்டார். டீ விக்கிற மனுசன் அங்க போயி டீ குடிச்சுகினு பஸ்ஸ வுட்டுட்டு வருது பாரு, என்று அம்மா திட்டுவாள். இன்னொரு வழக்கமும் உண்டு. பஸ் நிற்கிற இடத்தில் எந்தக் குழந்தையாவது தனியாக நின்றால் அடுப்பை விட்டு இறங்கிப்போய் அதன் பக்கத்தில் நின்றுகொள்வார். அதைச் சேர்ந்தவர்கள் வருகிற வரைக்கும் வரமாட்டார். இங்கே எண்ணெய் புகைந்து வடை கரியாகும்.

நைனாவுக்கு எழுத்து தெரியாது. பிள்ளைகள் படிக்கிறார்களா இல்லையா என்று காதால்தான் கண்டுபிடிப்பார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அண்ணன் கடை பெஞ்சில் உட்கார்ந்து சத்தமாகப் படிக்கவேண்டும். சத்தம் குறைந்தால் அடுப்பிலிருந்து குரல் வரும்.

“இன்னாடா, வாயி தூங்குதா?”

அண்ணன் கெட்டிக்காரன். ஒரே பாடத்தை ஒரு வாரம் படிப்பான். நைனாவுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் அவன் எஸ்.எஸ்.எல்.சி. வந்தபோது தமிழுக்கு அந்த நாவலைத் துணைப்பாடமாக வைத்தார்கள். அங்கேதான் மாட்டிக்கொண்டான். கதையில்லையா, டீ குடிக்க வந்தவர்கள் எல்லாம் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். மறுநாளும் வந்து, நேத்து வுட்ட எடத்துலேர்ந்து படி தம்பி என்பார்கள். குப்பத்துப் பெரியவர் ஒருவர் வலையை வீட்டில் போட்டுவிட்டு நேராக எங்கள் பெஞ்சுக்கு வருவார். நைனா அடுப்படியிலேயே இருப்பார். ஆனால் அண்ணன் படிக்கும்போது கரண்டிச் சத்தம் குறைந்துவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் வந்தது. தகப்பன் பையனை ஸ்டேஷனில் ஒரு கல்மேல் உட்காரவைத்து, கையில் பொரிப் பொட்டலம் கொடுத்து, இதைத் தின்று முடிப்பதற்குள் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறான். பையன் பொரியைத் தின்ன மாட்டேன் என்கிறான். தீர்ந்துவிட்டால் அப்பா வராமல் போய்விடுவாரோ என்று பொட்டலத்தை மூடி மூடி வைக்கிறான். அண்ணன் அந்த வரியைப் படித்தபோது நைனா அடுப்பிலிருந்து இறங்கி வந்தார். கையில் ஜல்லிக்கரண்டி, அதிலிருந்து எண்ணெய் சொட்டுகிறது. புத்தகத்தை அவன் கையிலிருந்து எடுத்து மூடினார்.

“போதும்” என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் வடை பொட்டலம் கட்ட உட்கார்ந்தேன். கட்டுவது என் வேலை. நைனா தாளைக் கிழித்துக் கொடுக்கக் கொடுக்க நான் கட்டினேன். பழைய பேப்பர் கட்டு பக்கத்திலேயே இருந்தது, அதை அவர் தொடவில்லை. பாடப்புத்தகம் காலில் பட்டாலே கண்ணில் ஒற்றிக்கொள்ளச் சொல்கிற மனுஷன், அந்த நாவலை மடியில் வைத்து ஒவ்வொரு தாளாகக் கிழித்தார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நான் குனிந்து கட்டிக்கொண்டே இருந்தேன். அட்டை மட்டும் மிஞ்சியபோது அண்ணன் தூங்கி எழுந்து வந்தான்.

அவன் அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. அந்தப் புத்தகம் அவனுடையது இல்லை. செங்கல்பட்டுக் கடையில் தீர்ந்துவிட்டதென்று தமிழ் வாத்தியார் தன் சொந்தப் பிரதியை நம்பிக் கொடுத்தது. திங்கட்கிழமை திருப்பிக் கொண்டுவராவிட்டால் வகுப்புக்குள் கால் வைக்காதே என்று சொல்லியிருந்தார். பரீட்சையும் நெருங்கிவிட்டது. எங்கள் வம்சத்தில் எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் போன முதல் ஆள் அவன்.

“அது ஒரு பொஸ்தகமா?” என்றார் நைனா. பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மாவு பிசைய ஆரம்பித்தார்.

அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். “எந்தெந்த வூட்டுக்கு எத்தக் கட்டுனன்னு உனக்குத்தான் ஞாபகம் இருக்கும். போயி வாங்கிகினு வா. அந்தக் கதைய மட்டும் நைனா காதுல போடாத, இன்னா?”

எனக்குக் குழப்பம். சத்தமாகப் படி என்று தினமும் அதட்டுகிறவர் அவர்தானே. ஆனால் ஞாபகம் என்றால் அது நான்தான். இன்றைக்கும் என் மெஸ்ஸில் யார் எந்த மேசையில் உட்கார்ந்து என்ன தின்றான் என்று கேட்டால் சொல்வேன். அந்தச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஊர் முழுக்க அலைந்து நாவலைப் பொறுக்கினேன். கிடைத்த தாளைக் கிடைத்த இடத்திலேயே நின்று படித்தேன். அதனால் எனக்குக் கதை வரிசையாக வரவில்லை. தகப்பன் பையனை விட்டுவிட்டு வந்து புலம்புகிற பக்கம் முதலில் கிடைத்தது. அவனுக்குக் கல்யாணமாகிற பக்கம் சாயங்காலம்தான் வந்தது. ஒரு தாளில் அவனைக் கொல்லலாம்போல இருந்தது. அடுத்த தாளில் அவனுக்காக அழுகை வந்தது.

ஊரும் அப்படித்தான் இருந்தது. அவரவருக்குக் கிடைத்த வடைத்தாளைப் படித்துவிட்டு அவரவர் ஒரு தீர்ப்பு வைத்திருந்தார்கள். பஸ் கண்டக்டர் தாளைப் பைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டே, “இவன்லாம் ஒரு அப்பனா? என் வண்டில ஏறுனான்னு வையி, நடுவழில எறக்கி வுட்டுருவேன்” என்றார். சிலைக்கல்லில் உளி அடிக்கிற கொட்டகையில் ஒரு அக்கா, நான் கேட்டும் தாளைக் கொடுக்க மனசில்லாமல் வைத்திருந்தாள்.

“அவன் மேல இன்னா தப்பு? வூட்ல இன்னும் மூணு கீது. ஒண்ண வுட்டாத்தான் மூணு பொழைக்கும்.”

“அப்ப உன் புள்ளைய வுடுவியாக்கா?”

“அடிங்க, வாயப் பாரு” என்று தாளை என் கையில் திணித்தாள்.

குப்பத்துப் பெரியவர் தன் தாளை மடித்துக் கொளுத்திச் சுருட்டுப் பற்றவைத்துவிட்டார். அதில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டேன். பேரப்பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டதாகவும், கேட்டபிறகு அது வீட்டில் இருக்கக்கூடாது என்று பட்டதாகவும் சொன்னார். “ஆனா சூப்பர் கதை பாப்பா. இன்னா அடுத்து?” என்று என்னையே கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை இருட்டுவதற்குள் தாள்களைச் சாம்பல் போட்டுத் துடைத்து, அண்ணனும் நானும் வரிசைப்படுத்தினோம். பெரியவர் கொளுத்தியது போக இன்னும் ஒன்று குறைந்தது. கடைசித் தாள். அதைக் கட்டிக்கொண்டு போனவர் யாரோ வெளியூர்க்காரர். பஸ் ஏறிப் போய்விட்டார். பையன் கல்மேல் உட்கார்ந்திருக்கிறான், விடிகிறது, தூரத்தில் ஒரு ஆள் வருவது தெரிகிறது. அதோடு எங்கள் புத்தகம் முடிந்துவிட்டது.

அண்ணன் வாத்தியார் வீட்டுக்குப் போகமாட்டேன் என்று மூலையில் உட்கார்ந்துவிட்டான். நான் போகிறேன் என்றேன். கிளம்பும்போது நைனா பின்னாலேயே வாசல் வரைக்கும் வந்தார்.

“வாத்தியாரைக் கேட்டுகினு வா” என்றார்.

“இன்னான்னு நைனா?”

“தூரத்துல வந்தது அவன் அப்பந்தானான்னு.”

யார் அவருக்கு அதுவரைக்கும் சொன்னது என்று எனக்குப் புரியவில்லை. நாங்கள் தாள் அடுக்கும்போது அண்ணன் வாய்விட்டுப் படித்தது பின்கட்டு வரைக்கும் கேட்டிருக்கவேண்டும்.

வாத்தியார் கோயில் தெருவில் இருந்தார். எண்ணெய்த் தாள்களைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கில் அண்ணனின் படிப்பு முடிந்தது என்றுதான் நினைத்தேன். நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன், கண்டக்டர், உளிக்கொட்டகை அக்கா, சுருட்டு எல்லாவற்றையும். கேட்கக் கேட்க அவருக்குக் கோபம் எங்கேயோ போய்விட்டது.

“என் வகுப்புல ஒரு பய கூட இதைப் பத்தி இவ்வளவு பேசினதில்லைம்மா” என்றார். “எனக்கே அந்த ஸ்டேஷன் பக்கத்தை வாய்விட்டுப் படிக்க முடியாது. மனசுக்குள்ள படிச்சுக்குங்கடான்னு சொல்லிட்டு ஜன்னல் பக்கம் போயிடுவேன். உங்க அண்ணனை நாளைக்கு வகுப்புக்கு வரச் சொல்லு.”

நைனாவின் கேள்வியைக் கேட்டேன். வாத்தியார் தெரியாது என்று தலையை ஆட்டினார். கடைசித் தாளில் அந்த ஆள் யார் என்று கதை எழுதினவர் சொல்லவில்லையாம். பையன் எழுந்து நிற்கிறான், அதோடு கதை முடிகிறதாம்.

“அப்ப யாருக்குமே தெரியாதா சார்?”

“தெரியாதும்மா. பரீட்சையிலயும் கேக்க மாட்டாங்க.”

அண்ணன் பரீட்சை எழுதினான், பாஸானான், சர்க்கார் உத்தியோகத்துக்குப் போனான். அதெல்லாம் பிற்பாடு. அன்றைக்கு நான் தலைகால் தெரியாத பெருமையோடு ஓடிவந்தேன். என் ஒரு வாயால் அண்ணன் படிப்பைக் காப்பாற்றிவிட்டேன் இல்லையா. நைனா அடுப்பில் இருந்தார். சேதியைச் சொன்னேன். அதை அவர் காதில் வாங்கினதாகவே தெரியவில்லை.

“நான் கேக்கச் சொன்னது?”

“வந்தான்னும் எழுதலயாம், வரலன்னும் எழுதலயாம்.”

எண்ணெயில் வடை சிவந்துகொண்டிருந்தது. அவர் அதைத் திருப்பிப் போடவில்லை.

“வந்திருப்பான்” என்றார். “கூட்டத்துல கண்டுபுடிச்சிருக்க மாட்டான். ரெண்டு வண்டி ஒண்ணா வந்து நின்னுச்சுன்னா பெரியவங்க இடுப்புதான் தெரியும். மூஞ்சி தெரியாது. இவனும் அந்தண்ட போயி நின்னுருப்பான். அப்பன் வந்து பாத்துட்டுப் போயிருப்பான்.”

“கூட்டமே கெடையாது நைனா” என்றேன். அந்தத் தாளை நான் நன்றாகப் படித்திருந்தேன். “அது சின்ன ஸ்டேஷன். ஒரு வேப்பமரம், ஒரு நாயி. வேற ஒரு ஆளும் இல்ல.”

“கூட்டம்” என்றார் நைனா. “உனக்குத் தெரியாது.”

எனக்கு ஒரே குழப்பமாக இருந்தது. புத்தகத்தில் இல்லாத கூட்டம் இவருக்கு மட்டும் எங்கிருந்து வந்தது? எழுத்து தெரியாத மனுஷரிடம் என்ன வாதாடுவது என்று விட்டுவிட்டேன். அந்தக் கதையை முழுசாகத் தெரிந்தவள் எங்கள் வீட்டிலேயே நான் ஒருத்திதான் என்கிற கர்வத்தோடு, கருகிய வடைகளைப் பொறுக்கித் தனியாக வைத்தேன்.