எட்டாவது ஆள்

ஒரு கைக்கு இரண்டு வீதம் நான்கு நாற்காலிகள். அதற்கு மேல் தூக்கினால் முட்டி பேச ஆரம்பித்துவிடும். குறைத்துத் தூக்கினால் நடை கூடும். நடை கூடினாலும் அதே முட்டிதான் பேசும். அதனால் சாவிக்காரம்மா நான்கிலேயே நின்றுவிட்டார். திங்கட்கிழமை என்றால் நாற்காலிகள் வட்டமாக, பாட்டுக் குழுவுக்கு. செவ்வாய் என்றால் நீள மேசையைச் சுற்றி, ஓவிய வகுப்புக்கு. புதன் தையல், வியாழன் சதுரங்கம், வெள்ளி வயதானவர்களுக்கு உட்கார்ந்தபடியே உடற்பயிற்சி. எந்தக் கிழமையானாலும் கடைசி நாற்காலியை மட்டும் மற்றவற்றோடு சேர்த்துப் போடமாட்டார். கதவோரமாக, பாதி கூடத்தையும் பாதி வராந்தாவையும் பார்க்கும்படி கோணலாகப் போடுவார். அது அவருடையது. அதில்கூட அவர் முழுதாக உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. நுனியில் ஒட்டிக்கொண்டு, ஒரு குதிகாலைத் தூக்கியபடியே இருப்பார்.

அந்தப் பகுதியின் பொதுக்கூடம் அது. ஒரு பெரிய அறை, ஒரு சமையலறை, ஒரு சாமான் அறை, இரண்டு கழிப்பறை. திறப்பது, பெருக்குவது, துடைப்பது, பல்பு மாற்றுவது, பூட்டுவது எல்லாம் அவர்தான். இருபத்தாறு வருடமாக. இடுப்பில் தொங்கும் கொத்தில் பதினோரு சாவிகள் இருக்கின்றன. அவற்றில் நான்குதான் எதையாவது திறக்கும். மற்ற ஏழையும் ஏன் சுமக்கிறீர்கள் என்று கேட்டால், "பூட்டு போயிருச்சு. அதுக்குச் சாவி என்ன பாவம் பண்ணுச்சு?" என்பார். ஓய்வு பெறும் வயது தாண்டி ஒன்றரை வருடம் ஆகிறது. வேறு ஆள் கிடைக்கும்வரை இருங்கள் என்று தலைமை அலுவலகம் சொன்னது. சொன்னவர் அதற்குள் தானே ஓய்வு பெற்றுப் போய்விட்டார்.

இந்த வேலைக்குள் இன்னொரு வேலை வந்து ஒட்டிக்கொண்டது மூன்று வருடத்துக்கு முன்பு. எட்டுப் பேருக்குக் குறைவான வகுப்புகள் நிறுத்தப்படும் என்று அலுவலகம் ஓர் அறிவிப்பை அனுப்பியது. அதைச் சுவரில் ஒட்டியவரும் சாவிக்காரம்மாதான். ஓவிய வகுப்பில் அப்போது ஏழு பேர். அவர் வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஓவிய டீச்சர் கதவிடுக்கில் தலையை நீட்டி, "கொஞ்சம் உள்ள வந்து உக்காருங்களேன், ஒரு கையெழுத்து மட்டும்" என்றார்.

"அன்னிக்கு உக்காந்தவதான், இன்னும் எந்திரிக்க விடமாட்டேங்கறாங்க" என்கிறார் சாவிக்காரம்மா.

செய்தி கசிந்துவிட்டது. பாட்டுக் குழுவில் ஒருவர் ஊர் மாறினார். சதுரங்கத்தில் இருவர் சண்டை போட்டுக்கொண்டு ஒருவர் நின்றார். ஒவ்வொரு வகுப்பிலும் ஏழு பேர் மிஞ்ச, எல்லோருடைய பார்வையும் துடைப்பத்தின் பக்கம் திரும்பியது. இப்படித்தான் அவர் ஐந்து வகுப்புகளுக்கும் எட்டாவது ஆள் ஆனார். அறிவிப்பின் அடியில் பொடி எழுத்தில் இன்னொரு வரியும் உண்டு: கூடத்தின் ஊழியர்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அந்த வரி மறைகிற மாதிரி அதன்மேல் ஓர் உடற்பயிற்சிப் படத்தை ஒட்டியது யார் என்று யாருக்கும் தெரியாது. பசை சாவிக்காரம்மாவின் அலமாரியில்தான் இருக்கிறது.

எட்டாவது ஆளாக இருப்பது சும்மா உட்கார்ந்திருப்பது என்று நினைத்தால் தப்பு. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. பாட்டின் நடுவில் குழாய் சொட்டும். சதுரங்கத்தின் நடுவில் கழிப்பறையில் தண்ணீர் நிற்காது. எல்லா வகுப்பின் நடுவிலும் சமையலறையில் கெட்டில் கூவும். "இதோ வந்துட்டேன்" என்று எழுந்துவிடுவார். அவர் திரும்பி வருவதற்குள் ராஜா தூங்கிவிடுகிறார் என்று சதுரங்கத்துக்காரர்கள் குறைப்பட்டுக்கொள்வார்கள். மூன்று வருடத்தில் அவர் முடித்த ஒரே பொருள் தையல் வகுப்பில் ஒரு தலையணை உறை. "அதுக்கு ஒரு பக்கம் தெறந்துதான இருக்கணும்? அதான் முடிஞ்சிருச்சு" என்றார். சாமான் அறையில், தரை கழுவும் திரவத்துக்குப் பக்கத்தில், அவர் வரைந்த ஜாடிகள் ஓர் அட்டைப்பெட்டி நிறைய இருக்கின்றன. டீச்சர் மேசையில் ஒரு ஜாடியை வைப்பார். வாய், கழுத்து, வயிறு என்று இவர் இறங்கி வருவார். கைப்பிடிக்கு வரும்போது கெட்டில் கூவும். பிடி இல்லாத ஜாடிகள், நாற்பதுக்குக் குறையாது. தூக்கி எறியவும் மனமில்லை, யாரிடமும் காட்டவும் மனமில்லை.

களைப்பு என்றால் சாதாரணக் களைப்பு இல்லை. கூடம் காலியானதும் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, எழுந்திருக்க வேண்டுமே என்பதற்காகவே கொஞ்ச நேரம் எழுந்திருக்காமல் இருப்பார். இரண்டு தெரு தள்ளி இருக்கும் மகள் தினமும் போனில் பிடிபிடி என்று பிடிப்பாள்.

"ஏம்மா, நீ அங்க பெருக்கப் போறியா, படிக்கப் போறியா?"

"ரெண்டும்தான்."

"உனக்கென்ன தலையெழுத்தா? அவங்களுக்கு ஆள் கொறஞ்சா அவங்க பாத்துக்கட்டும். வெந்நீர்ல கால வெச்சுக்கிட்டு வீட்ல உக்காரு."

"இதோ வந்துட்டேன்" என்பார் அம்மா, போனை வைத்துவிட்டு, கூவும் கெட்டிலிடம். மகள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை என்று அவருக்கே தெரியும். ஐந்து வகுப்பும் ஒரே நாளில் நின்று தொலைந்தால் என்ன என்று நாற்காலி தூக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வார். நினைத்ததற்காக அன்று கொஞ்சம் கூடுதலாகத் துடைப்பார்.

கடிதம் வந்தது போன மாதம். இந்த வருடத்தின் சிறந்த கற்பவர் என்று அலுவலகத்தின் கணினி ஒருவரைத் தேர்ந்தெடுத்திருந்தது. ஐந்து வகுப்புகள், மூன்று வருடங்கள், ஒரு நாள்கூட வராமல் இருந்ததில்லை. எப்படி இருக்கும்? அவர் வராவிட்டால் கதவு திறக்காது. கதவு திறக்காவிட்டால் வகுப்பே கிடையாது. இல்லாத வகுப்புக்கு யார்தான் வராமல் இருக்க முடியும்? இந்த ரகசியம் கணினிக்குத் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை ஓவிய வகுப்புக்கு ஓர் அதிகாரி நேரில் வந்து சான்றிதழ் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வார் என்று கடிதம் முடிந்தது. வாழ்த்து வேறு.

டீச்சர் படித்துக் காட்டியதும் எல்லோரும் சுவரிலிருந்த உடற்பயிற்சிப் படத்தைப் பார்த்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து வைத்திருந்தார்கள். இப்போது விருந்தாளி அந்தத் தட்டுக்கே வந்து உட்காரப் போகிறார்.

"அன்னிக்கு ஜுரம்னு சொல்லிடலாம்" என்றார் டிரைவர்.

டிரைவர் முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு ஓவியத்துக்கு வந்தார். ஜாடி, பூ, பழம் எதை வைத்தாலும் அவர் வரைவது ஒன்றுதான்: கண்ணாடிக்கு வெளியே நீண்டு போகும் சாலை. வாரம் முழுக்க அவர் வாயைத் திறப்பது இங்கே மட்டும்தான்.

"ஜுரம்னா யாரு கதவத் தெறப்பா?" என்று கேட்டார் சாவிக்காரம்மா.

டீச்சர் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தார். பிறகு டிரைவர் தன் தாளைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார்: "எனக்கு இந்தச் செவ்வாக்கெழமை இல்லேன்னா, திங்களுக்கும் புதனுக்கும் நடுவுல விழுந்துடுவேன் சாவிம்மா. புடிக்கறதுக்கு ஒண்ணும் இருக்காது."

அந்தச் செவ்வாய் மாலை நான்கு மணிக்கு அதிகாரி வந்தார். முப்பது வயதுப் பெண். கையில் கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ், தோளில் கேமரா. காலையிலிருந்து ஆறு கூடங்கள் ஏறி இறங்கியதில் முகம் வாடிப்போயிருந்தது. செருப்பின் வார் கடித்து ஒரு காலை இழுத்து நடந்தார். வாசலில் துடைப்பத்தோடு நின்ற சாவிக்காரம்மாவிடம் சான்றிதழில் இருந்த பெயரைச் சொல்லி, "அவங்களக் கொஞ்சம் கூப்பிடுங்கம்மா" என்றார்.

பொய் சொல்ல நிறைய நேரம் இருந்தது. ஏழு பேரும் அதற்காகக் காத்திருந்தார்கள். சாவிக்காரம்மாவுக்கு அந்த நேரத்தில் பொய் சொல்லக்கூடத் தெம்பில்லை.

"நான்தாம்மா அது" என்றார்.

அதிகாரியின் கண் துடைப்பத்துக்குப் போய், இடுப்புச் சாவிக்குப் போய், திரும்பி வந்தது. "நீங்க இங்க வேலை பாக்கறவங்களா?"

"பெருக்கறேன், தொடைக்கறேன், பூட்டறேன். நடுவுல கையெழுத்துப் போடறேன்."

அதிகாரி சான்றிதழை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். கோபப்படுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் பெருமூச்சு விட்டார், அது இன்னும் மோசமாக இருந்தது. பையிலிருந்து இரண்டு பட்டியல்களை எடுத்தார். ஒன்று ஊழியர் பட்டியல், ஒன்று கற்பவர் பட்டியல். "ஒரு பேரு ரெண்டுலயும் இருக்கக் கூடாதும்மா. நான் பாக்காத வரைக்கும் சரி. பாத்துட்டேன். ஏதாவது ஒண்ணுல அடிச்சுத்தான் ஆகணும்." பேனா கற்பவர் பட்டியலின் பக்கம் தானாகவே போனது. "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். உங்களுக்கும் பாரம் கொறையும்ல?"

பாரம் குறையும். மூன்று வருடமாக யாராவது இந்த வார்த்தையைச் சொல்லமாட்டார்களா என்று அவர் ஏங்கியிருக்கிறார். வகுப்புகள் நின்றால் கூடத்தை நான்கு மணிக்கே பூட்டிவிடலாம். வெந்நீர் வாளி, கால், சாய்ந்துகொள்ளச் சுவர், எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்தன. வெந்நீர் ஆறியபிறகு என்ன என்று யோசித்தார். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

மேசையைப் பார்த்தார். டிரைவர் தூரிகையைக் கழுவித் துணியில் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார், கடைசிப் பயணம் முடித்து வண்டியை நிறுத்துகிறவர் மாதிரி. டீச்சர் ஜாடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஒருவரும் சாவிக்காரம்மாவை நிமிர்ந்து பார்க்கவில்லை. இத்தனை வருடம் கேட்டாயிற்று, இன்னும் எப்படிக் கேட்பது என்று கூசிப்போயிருந்தார்கள். அவருக்குச் சட்டென்று ஆத்திரம் வந்தது. கேட்டபோதெல்லாம் வந்த அதே ஆத்திரம்தான். இப்போது கேட்கவில்லையே என்று வந்தது.

"அதுல அடிக்காதீங்கம்மா" என்றார். "இன்னொண்ணுல அடிங்க."

"இன்னொண்ணு உங்க வேலைம்மா."

"தெரியும். அதுக்கு வயசு முடிஞ்சு ஒண்ணரை வருஷம் ஆச்சு. ஆள் பாக்கறேன்னாங்க, பாத்துக்கிட்டே இருக்காங்க."

"சரி, நாளைக்குக் கதவ யாரு தெறப்பா?"

"எட்டுப் பேரு வாசல்ல நின்னா ஆபீஸ் ஆள் அனுப்பும்மா. ஏழு பேரு நின்னாத்தான் நோட்டீஸ் அனுப்பும்."

டீச்சர் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். அதிகாரி சிரிக்கவில்லை. பேனாவைக் கையில் பிடித்தபடி, "வீட்ல கேட்டுட்டுச் சொல்லுங்களேன்" என்றார்.

"என் பொண்ணு வேலைய விடுன்னு அஞ்சு வருஷமா சொல்றா. கேட்டா சந்தோஷத்துல ஆடுவா. வகுப்ப விடலன்னு அப்புறமாத்தான் சொல்லணும்."

பேனா ஊழியர் பட்டியலுக்கு நகர்ந்தது. ஒரு கோடு. இருபத்தாறு வருடத்துக்கு அந்தக் கோடு ரொம்பச் சின்னதாக இருந்தது. சாவிக்காரம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. பிறகு இடுப்பிலிருந்து கொத்தைக் கழற்றிச் சான்றிதழின்மேல் வைத்தார். பதினோரு சாவிகளும் கண்ணாடியில் சத்தம் போட்டன. "இதுல நாலுதான் தெறக்கும். எது எதுன்னு வர்றவங்களுக்குச் சொல்லித் தரேன்" என்றார்.

டீச்சர் ஜாடியை மறுபடி மேசையில் வைத்தார். டிரைவர் பெட்டியைத் திறந்தார். சாவிக்காரம்மா கதவோரத்துக்குப் போய்த் தன் நாற்காலியை, ஒரே ஒரு நாற்காலியை, தூக்கிக்கொண்டு வந்து மேசையோடு சேர்த்துப் போட்டு, வராந்தாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். தாளை எடுத்தார். வாய், கழுத்து, வயிறு. அதிகாரி கேமராவைத் தூக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் செருப்பு கடித்த காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

சமையலறையில் கெட்டில் கூவியது.

எல்லோரும் பழக்கத்தில் அவரைப் பார்த்தார்கள். அவர் குதிகால் எழும்பியது. "இதோ" வரைக்கும் உதடு வந்தது. பிறகு குதிகாலைத் தரையில் ஊன்றி, தூரிகையை நன்றாகத் தண்ணீரில் முக்கி எடுத்து, ஜாடியின் கழுத்திலிருந்து கைப்பிடியை வளைக்க ஆரம்பித்தார்.