இடுப்பு முந்திய பிறகு

என் மகள் கல்யாணமாகி அமெரிக்காவுக்குப் போய் ஆறு வருடமாகிறது. ஆரம்பத்திலெல்லாம் போனில் என்னிடம் அவள் கேட்பது இரண்டே கேள்விதான். "அப்பா, சாப்பிட்டாச்சா? மழை உண்டா?" நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் போன் அவள் அம்மாவின் கைக்குப் போய்விடும். அவளைக் குறை சொல்லக்கூடாது. திருவட்டாற்றுப் பக்கம் முப்பது வருடம் ரப்பர் மரங்களோடு நின்றவனுக்குப் பேச என்னதான் இருக்கிறது?

போன வருடம் லீவுக்கு வந்தபோது மூன்று பிளாஸ்டிக் தட்டுகள் கொண்டுவந்தாள். அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் டிஸ்க் கோல்ஃப் ஆடுகிறாளாம். தூரத்திலிருந்து தட்டை எறிந்து கம்பிக்கூடைக்குள் போடவேண்டும். கூடைக்கு எங்கே போக? வீட்டுக்குப் பின்னால் ரப்பர் விளையின் கடைசியில் ஒரு பழைய வாளியைக் கல் மேல் வைத்தோம். நான் எறிந்த முதல் தட்டு கோழிக்கூட்டின் மேல் போய் விழுந்தது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளை நான் அப்படிச் சிரிக்கவைத்து எத்தனை காலமாயிற்று!

போகும்போது, "தினமும் வீடியோ எடுத்து அனுப்புங்க அப்பா, நான் பாத்துச் சொல்லுதேன்" என்றாள். காலையில் பாலுக்காக மரங்களின் பட்டையை வெட்டி முடித்து, சிரட்டைகளில் பால் நிறையக் காத்திருக்கும் நேரத்தில் எறிவேன். அங்கே அவள் தூங்கப்போகும் முன் பார்த்துவிட்டுக் கூப்பிடுவாள்.

"அப்பா, இடுப்பு! கைய மறந்திருங்க. வலது கால், பொறவு இடது கால் பின்னால, பொறவு வலது கால ஊணுங்க. ஊணினதும் இடுப்பு முதல்ல திரும்பணும். கை கடைசில வரட்டும்."

சொல்லிவிட்டாள் சுலபமாக. பால்வெட்டில் கத்தியும் தோளும் இடுப்பும் ஒரே கட்டையாக மரத்தைச் சுற்றவேண்டும். இடுப்பு முந்தினால் கத்தி பட்டையைத் தாண்டி உள்ளே இறங்கிவிடும், மரம் காயப்படும். முப்பது வருடமாக முந்தாதே முந்தாதே என்று அடக்கிவைத்த இடுப்பை இப்போது முந்தச் சொன்னால்?

வலது கையைத் துண்டால் உடம்போடு கட்டிக்கொண்டு காலடியை மட்டும் பழகினேன். "இடுப்ப ஒடிச்சுக்கிட்டு வந்து எண்ண தேய்க்கச் சொல்லப்பிடாது, சொல்லிட்டேன்" என்றாள் மனைவி. சொல்லட்டும். மகள் தினமும் என்னிடம் அரைமணி நேரம் பேசினாள். குதிகாலில் ஆரம்பித்து அவள் ஆபீஸ் சண்டை வரைக்கும் வந்தது பேச்சு. ஒருநாள் அழக்கூடச் செய்தாள், என்னிடம்.

பத்து மாதம் கழித்து ஒருநாள் எறியும்போது வலது காலை ஊன்றினேன். இடுப்பு தானாகத் திரும்பியது, கை பின்னாலேயே வந்தது. தட்டு நேராகப் போய் வாளிக்குள் விழுந்தது. வீடியோ போன ஐந்தாவது நிமிடம் மகள் கூப்பிட்டாள். "அப்பா! கொள்ளாம்! இதுதான்! இனி சொல்லித்தர எனக்க கையில ஒண்ணும் இல்ல!" எனக்குத் தலைகால் புரியவில்லை. தோட்டத்தில் எதிரே வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன், மடையன்.

மறுநாள் வீடியோவுக்குக் கட்டைவிரல் படம் மட்டும் வந்தது. அதற்கடுத்த நாளும் அதேதான். பிறகு அதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. "அப்பா, சாப்பிட்டாச்சா? மழை உண்டா?" போன் அவள் அம்மாவின் கைக்குப் போயிற்று.

சும்மா பேசு மக்ளே என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அதனால் தப்பாக எறிந்து அனுப்புவது என்று முடிவுசெய்தேன்.

திங்கட்கிழமை போனைக் கல்லில் சாய்த்துவைத்தேன். கட்டையாகத் திரும்பு, பழையபடி திரும்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு காலை ஊன்றினேன். இடுப்பு முந்திவிட்டது. தட்டு வாளிக்குள். இரண்டாவதும் வாளிக்குள். மூன்றாவதை எறியும்போது பல்லைக் கடித்து இடுப்பைப் பிடித்துப் பார்த்தேன், படுபாவி இடுப்பு கேட்கவில்லை. பக்கத்து மரத்தில் அன்று காலை நான் வெட்டிய இடத்தைப் பார்த்தேன். கத்தி ஆழமாக இறங்கியிருந்தது. அங்கேயும் முந்தியிருக்கிறது.

பாலெடுக்க வாளி தேடி வந்த மனைவி தட்டுகளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"மூணும் உள்ளதானே கெடக்கு? பின்ன என்னத்துக்கு அழுவுதீங்க?"