பேய்க்குரலில் பாடிய காலம்

எழுபதுகளில் என் கணவர் தூத்துக்குடியில் ஒரு மெல்லிசைக் குழு வைத்திருந்தார். பகலில் அவருக்கு ஹார்பரில் எலக்ட்ரீஷியன் வேலை. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். விடுமுறை நாட்களில் அவருடைய குழுவில் பாடுவேன். கல்யாண வரவேற்பு, கோயில் கொடை விழா, மாதா கோயில் திருவிழா என்று கூப்பிடுவார்கள்.

எங்கள் முதல் பிள்ளை நடக்கப் பழகும் முன்பே காய்ச்சலில் போய்விட்டான். அடக்கம் முடிந்து வந்ததும் நான் அடுப்பைப் பற்றவைத்து உலை வைத்தேன். வந்திருந்தவர்கள் என்னையே பார்த்தார்கள். அழுகை வரவில்லை. வரவில்லையே என்றும் தோன்றவில்லை. பள்ளிக்கூடம் திறந்ததும் போய் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தேன். குழுவிலும் மறுபடி பாட உட்கார்ந்தேன்.

குரல் சுருதியில் நிற்கவில்லை. ஒவ்வொரு வரியின் முடிவிலும் கொஞ்சம் இறங்கியது. எனக்கே அது கேட்டது. யாரோ பக்கத்து வீட்டில் தப்பாகப் பாடுவதுபோல் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆர்மோனியக்காரர் ஒருமுறை என் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு பார்க்கவில்லை.

சில வாரம் கழித்து, கணவர் கப்பல் சாமான் விற்கும் கடையிலிருந்து ஒரு பழைய டெலிபோன் ரிசீவரும் ஸ்பூல் டேப்ரிக்கார்டரும் வாங்கிவந்தார். ரிசீவரின் பேசும் முனையைக் கழற்றி மைக்காக மாற்றினார். அதில் பாடினால் குரல் தகரம்போல் கரகரத்தது. அந்தக் குரல் டேப்பில் பதிவாகி, ஒரு நொடி பிந்தி ஸ்பீக்கரில் திரும்ப வரும். அதன்மேல் அடுத்த வரி விழும். கிணற்றுக்குள் இரண்டு மூன்று பெண்கள் பாடுவதுபோல் இருக்கும். அந்தக் கலவையில் எது சுருதி, எது பிசகு என்று யாருக்கும் தெரியாது.

"பேய்ப்பாட்டு ஒண்ணு போடுவோம். சனங்களுக்குப் பிடிக்கும்" என்றார். சரி என்றேன்.

காயல்பட்டினம் போகிற வழியில் ஒரு ஊர்க் கொடையில் முதல்முறை அதைப் பாடினேன். கூட்டம் அப்படியே அடங்கிவிட்டது. முன்வரிசையில் ஒரு கைப்பிள்ளை வீறிட்டு அழுதது. தாய் தூக்கிக்கொண்டு ஓரமாகப் போனாள். நான் பாடிக்கொண்டே அவள் போவதைப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை எனக்கு. முடிந்ததும் கைதட்டல் நிற்கவே இல்லை. அதற்கப்புறம் அட்வான்ஸ் கொடுக்க வருகிறவர்கள் எல்லாரும் அந்தப் பேய்க்குரல் அக்கா வருவாங்களா என்றுதான் முதலில் கேட்டார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் அந்தக் குரலிலேயே பாடினேன். சந்தோஷமும் இல்லை, வெட்கமும் இல்லை. வீட்டில் பிள்ளையைப் பற்றி இருவரும் பேசுவதில்லை.

ஏரலில் ஒரு கல்யாண வரவேற்பில், பாட்டு நடுவில் டேப் அறுந்தது. கணவர் பதறி ரிசீவர் மைக்கையும் பிடுங்கிவிட்டு, சாதா மைக்கை என் கையில் கொடுத்தார். என் குரல் மட்டும் தனியாக வெளியே வந்தது. வரிக்கு வரி கீழே இறங்கியது. பந்தலில் சிலர் சிரித்தார்கள். நான் நிறுத்தவில்லை. கடைசிச் சரணம்வரை பாடிவிட்டு உட்கார்ந்தேன்.

மறுநாள் காலையில் குழாயடியில் குடம் நிறையக் காத்திருந்தேன். அவர் வந்து பக்கத்தில் நின்றார்.

"ஒன் பாட்டு சரியில்லன்னு எனக்கு அப்பவே தெரியும்ளா" என்றார். "சொன்னா ஒடைஞ்சிருவியோன்னு பயந்தேன். அதான் அந்தச் சத்தத்தப் போட்டு மூடுனேன்."

"சொல்லியிருக்கலாம். அழுதாவது இருப்பேன்."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் அழுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். குடம் நிறைந்து வழிந்தது. குழாயை மூடிவிட்டு, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனேன். தண்ணீரை இறக்கி வைத்த பிறகுதான், திரும்பிப் போய் அவர் கையைப் பிடித்திருக்கலாமே என்று நினைத்தேன். போகவில்லை.

இனிப் பாடவில்லை என்று அந்த வாரமே சொல்லிவிட்டேன். அவர் காரணம் கேட்கவில்லை. பேய்ப்பாட்டுக்கு வேறு ஒரு பெண்ணை அமர்த்தினார். நல்ல சாரீரம் அவளுக்கு, சுருதி பிசகாது. அவள் முதன்முதலாகப் பாடிய திருவிழாவுக்கு நானும் போய்ப் பெண்கள் பக்கம் உட்கார்ந்தேன். அதே ரிசீவர், அதே ஒட்டுப்போட்ட டேப். பக்கத்திலிருந்தவள் பயத்தில் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். பாட்டு முடிந்ததும் எல்லாரோடும் சேர்ந்து கைதட்டினேன்.