திருடினால்தான் முளைக்கும்

வெத்தூரியாவுக்குப் பூப்பைத்தியம் என்று ஊரே சொல்லும். நான் மட்டும் வாய்விட்டுச் சொன்னதில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். சொன்னால் அன்றைக்கே சண்டை. மனசுக்குள் சொல்லிக்கொண்டேன், அது வேறு விஷயம்.

பள்ளிக்கூடத்துச் சமையல்கூடத்தில் வாழ்நாளெல்லாம் கரண்டி பிடித்தவள் அவள். காலையில் சூப், மறுநாளும் சூப், நடுவில் கொஞ்சம் முட்டைக்கோஸ். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக வாசலுக்கும் தெருவேலிக்கும் நடுவில் இருந்த வெங்காயப் பாத்தியைக் கொத்திப் புரட்டினாள். "வெங்காயத்தைப் பாத்துப் பாத்து அழுதது போதும்"னாள். அங்கே ஜினியா போட்டாள்.

எங்கள் பக்கத்தில் இந்தப் பூவுக்குச் சாராயக்கடைக்காரி என்றுதான் பெயர். பெயர் வைத்தவன் வாயில் சர்க்கரை போட வேண்டும். சாயம் பூசிக்கொண்டு, அடுக்கடுக்காகப் பாவாடை கட்டிக்கொண்டு, தெருவில் போகிறவனையெல்லாம் கூப்பிடுகிற மாதிரி நிற்கும். வெத்தூரியாவுடையது எல்லாம் ஒரே நிறம், கறுத்த திராட்சை ரசத்தின் சிவப்பு. செடி என் நெஞ்சு உயரம். ஒவ்வொரு பூவும் காப்பித் தட்டு அகலம். மெதியாஷ் நகரத்துப் பேருந்து எங்கள் தெருவில் திரும்பும்போது ஓட்டுநர் வேகத்தைக் குறைப்பான், குழிக்காக அல்ல.

அவள் வளர்க்கிற விதமும் தனி. மே மாதம் பாதி கழிந்து, ராக்குளிர் போய்விட்டது என்று தெரிந்த பிறகுதான் விதை மண்ணைத் தொடும். நாற்றாக வளர்த்துப் பிடுங்கி நடுவதெல்லாம் கிடையாது. "வேரைத் தொட்டா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கும்"பாள். ஒரு சாண் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிடுவாள், நாலு பக்கமும் கிளைக்கட்டும் என்று. அவள் புருஷன் பாம்ஃபிலுக்கு அதைப் பார்க்கவே பொறுக்காது. "உசரமா வளரணும்னு ஆசைப்படுறவ, தலையைக் கிள்ளுறாளே! எனக்கும் அப்படித்தான் பண்ணினா" என்று தெருவில் போகிறவர்களிடமெல்லாம் முறையிடுவான். தண்ணீர் வேரில் மட்டும்தான். இலை நனைந்தால் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும். மழை பெய்தால் வானத்தைத் திட்டுவாள். அப்படி ஒரு பொம்பளை.

இதில் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் பூவிதையை யாரும் கேட்டு வாங்க மாட்டோம். கேட்டு வாங்கியது சரியாக வராது. வாங்கிவிட்டு நன்றி வேறு சொன்னால் மண்ணோடு மண். திருடினது மட்டும்தான் முளைக்கும். நீங்கள் சிரிக்கலாம். என் வீட்டு ஜன்னலில் இருக்கிற செடிகளில் ஒன்றுகூட நியாயமாக வந்ததில்லை, எல்லாம் செழித்துக் கிடக்கின்றன. திருடுவதற்கும் மரியாதை உண்டு. இலையுதிர் காலத்தில் எவளாவது வந்து வேலியில் சாய்ந்து வானிலையைப் பற்றி ஆரம்பித்தால், வெத்தூரியா உடனே "அடுப்புல பால் வச்சேன்" என்று உள்ளே போய்விடுவாள். பாலும் இருக்காது, ஒன்றும் இருக்காது. திரும்பி வரும்போது இரண்டு காய்ந்த பூத்தலை குறைந்திருக்கும். பார்த்தவள் பார்க்கவில்லை. அவ்வளவுதான் சட்டம்.

அந்தச் சட்டத்தை வெத்தூரியாவே உடைத்தாள்.

தெருக்கோடியில் ருக்ஸாண்டா இருக்கிறாள், தையல்காரி. வெத்தூரியாவும் அவளும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள், ஒருத்தி கல்யாணத்துக்கு மற்றவள் மாலை தூக்கியவள். அவளும் எல்லோரையும் போல விதை எடுத்தாள். ஆனால் மற்றவர்கள் கண்டதையும் பக்கத்தில் நட்டு, தேனீ புகுந்து கலந்து, ரோஜா நிறமும் ஆரஞ்சுமாகக் கெடுத்து வைத்தார்கள். ருக்ஸாண்டா உயரமான பலகை வேலிக்குள் அந்தச் சிவப்பை மட்டும் வளர்த்தாள். ஒரு ஆகஸ்ட், மாதா பெருநாளுக்குக் கோயிலில் மாதா படத்தைச் சுற்றி வைக்க இருவருமே பூ கொண்டுவந்தார்கள். ருக்ஸாண்டாவுடையது ஒரு பிடி கூடுதல் உசரம். பாதிரியார் அதைத் தூக்கி மாதா முகத்துக்கு நேராக வைத்து, "இந்த வருஷம் இதுதான் ராணி" என்றார். வெத்தூரியா பொறுக்கவில்லை. கோயில் படியில் அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டாள்: "ராணியாவது! என் வேலிக்குள்ள கைய விட்டுத் திருடின விதை!"

ருக்ஸாண்டாவின் முகம் சுண்டிப்போனது. அன்று சாயங்காலம் அவள் வாசல் கதவில் பூட்டு ஏறியது. அதிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. வருஷங்கள் போயின. வெத்தூரியா கறாராக இருந்தாள், "உண்மையைத்தானே சொன்னேன்" என்று. உண்மைதான். அதனால்தான் அது அவ்வளவு அசிங்கமாக இருந்தது.

போன வசந்தத்தில் வெத்தூரியா விதைத்தாள். ஒன்றும் முளைக்கவில்லை. ஒரு வாரம் பார்த்தாள், இன்னொரு வாரம் பார்த்தாள். மண்டியிட்டு மண்ணைக் கிளறிப் பார்த்தாள். கையிருப்பில் இருந்த மிச்சத்தையும் போட்டாள். ம்ஹூம். கடைசியில் பாம்ஃபில் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றான். பனிக்காலத்தில் விதைப்பை கொஞ்சம் ஈரமாக இருந்ததாம். காயட்டுமே என்று ரொட்டி அடுப்புக்குள் வைத்தானாம்.

"அடுப்பு ஆறிடுச்சுன்னு நெனச்சேன்" என்றான்.

"நெனச்சியா? உன்னை யாரு நெனைக்கச் சொன்னது?"

பாவம், அவன் நகரத்துக்குப் போய்ப் படம் போட்ட பொட்டலத்தில் ஜினியா விதை வாங்கி வந்தான். அது முளைத்தது, பூத்தது, முழங்காலைத் தாண்டவில்லை. தெருவில் போகிறவர்கள் "என்ன வெத்தூரியா, கடைக்காரி உக்காந்துட்டாளா?" என்று கேட்டார்கள். அவள் சிரிக்கவில்லை. சரியாகச் சாப்பிடவும் இல்லை. ஒரு நாள் வேலியருகே நின்று என்னிடம் சொன்னாள்: "சாஃப்தா, எல்லா வருஷமும் பெரிய பூவாப் பாத்துப் பாத்து எடுத்து வச்சது. நான் செஞ்சதுன்னு சொல்லிக்க என்கிட்ட அது ஒண்ணுதாண்டி இருந்தது. சூப்பு யாருக்கு ஞாபகம் இருக்கு?"

அந்தச் சிவப்பு இன்னும் உயிரோடு இருந்தது ஒரே இடத்தில்தான். வெத்தூரியாவுக்கும் தெரியும், ருக்ஸாண்டாவுக்கும் தெரியும்.

செப்டம்பரில், பூத்தலைகள் காய்ந்து பழுப்பேறியதும், நான் ருக்ஸாண்டாவிடம் போனேன். யாரும் அனுப்பவில்லை, என் வாய்தான் சும்மா இருக்காதே. "அவ விதையில்லாம வாடிப்போயிருக்கா"ன்னேன்.

"வந்து என் கால்ல விழட்டும், தரேன்" என்றாள், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நீ குடுத்தா முளைக்காதுடி."

"அப்ப முளைக்க வேணாம்." நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள். பிறகு, நான் படியிறங்கும்போது, காற்றிடம் சொல்கிற மாதிரி, "வியாழக்கிழமை நான் மெதியாஷ் சந்தைக்குப் போறேன்" என்றாள்.

அதை அப்படியே வெத்தூரியாவிடம் ஒப்பித்தேன். அவள் வியாழக்கிழமை காலை பேருந்து போன பிறகும் வெகுநேரம் தன் வாசலிலேயே நின்றுவிட்டு, பெரிய ஏப்ரனைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். நான் பின்னாலேயே போனேன். சாட்சிக்கு ஆள் வேண்டாமா?

பூட்டு திறந்து கொக்கியில் தொங்கியது. உள்ளே நுழைந்தவள் அப்படியே நின்றாள். ருக்ஸாண்டா சந்தைக்குப் போகவே இல்லை. முற்றத்தில், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி, சுட்ட குடைமிளகாய்க்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மிளகாய் மலைபோலக் குவிந்து கிடந்தது. உர்சு, அவள் நாய், கழுத்துச் சங்கிலி தெறிக்கிற மாதிரி குரைத்தது.

நான் வெளியே நின்று பலகைச் சந்து வழியாகப் பார்த்துக்கொண்டு, வெத்தூரியா திரும்பி வந்துவிடுவாள் என்றே நினைத்தேன். வரவில்லை. பாத்திக்குள் இறங்கினாள். செடிகள் அவள் தோளுக்கு நின்றன. விதைக்கென்று ஒதுக்கிய பூக்களுக்கு எங்கள் ஊரில் கம்பளி நூல் கட்டி வைப்போம், ருக்ஸாண்டாவும் கட்டியிருந்தாள். வெத்தூரியா அவற்றைத் தொடவில்லை. ஓரத்தில் சூம்பிக் கிடந்த சின்னத் தலைகளாகப் பொறுக்கி ஏப்ரனில் போட்டாள். நாய் விடாமல் குரைத்தது.

"சும்மா கிட உர்சு!" ருக்ஸாண்டா திரும்பாமலேயே அதட்டினாள். "எதுக்குக் குரைக்கிற? இங்க யாரும் இல்ல. யாராவது இருந்தா நூல் கட்டினதை விட்டுட்டுச் சூம்பலைப் பொறுக்குமா? அப்படி ஒரு கூமுட்டை நம்ம ஊர்ல கிடையாது."

வெத்தூரியா ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நன்றி என்று வந்துவிடுமோ என்று பயம் அவளுக்கு. இன்னொரு கையால் நூல் கட்டியதைப் பறித்தாள். ஒன்று, இன்னொன்று, ஏப்ரன் உப்புகிறவரை.

வெளியே வந்தபோது சந்தைப் பேருந்து திரும்பி வந்து நின்றது. பொம்பளைகள் கூடையும் கோழியுமாக இறங்கினார்கள். உப்பிய ஏப்ரனை எல்லோரும் பார்த்தார்கள், வழக்கப்படி எல்லோரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். தலையைக் குனிந்து வீட்டுக்குப் போயிருக்கலாம். அவள் தெருநடுவில் நின்றாள்.

"எல்லாரும் கேட்டுக்கங்க" என்றாள். குரல் உடைந்தது. "இது ருக்ஸாண்டா தோட்டத்துல திருடினது. நான்தான் திருடி. அன்னிக்கு அவளைச் சொன்னேன்ல, அந்த வார்த்தை எனக்குத்தான். பூ அவளோடது."

ஒருத்தி கையிலிருந்த கோழி மட்டும் கொக்கரித்தது.

பலகை வேலிக்கு உள்ளேயிருந்து ருக்ஸாண்டாவின் குரல் வந்தது. "பொய்! காலையிலேருந்து இங்கதான் உக்காந்திருக்கேன். என் தோட்டத்துக்கு யாரும் வரல!"

கதவு திறந்தது. கையெல்லாம் மிளகாய்க் கரியோடு நின்று வெத்தூரியாவை மேலும் கீழும் பார்த்தாள். "அழுதுகிட்டே நிக்கப்போறியா? அவ்வளவு மிளகாயையும் நான் ஒருத்தியே உரிக்கணுமா? உள்ள வாடி."

போனாள். நானும் போனேன், கூப்பிடாமலே. சாயங்காலம் வரை உரித்தோம். வெத்தூரியா அந்த ஏப்ரனைக் கழற்றவில்லை. விதையை அப்படியே வயிற்றில் சுருட்டிக் கட்டிக்கொண்டு, குனியவும் முடியாமல் உட்கார்ந்திருந்தாள். ருக்ஸாண்டா அந்த உப்பலின் மேல் கை பட்டுவிடாமல், ஒவ்வொரு மிளகாயாக அவளிடம் நீட்டிக்கொண்டே இருந்தாள்.