மறு தவணை வரை கட்டியிருந்த கை

முரசுமோட்டையில் பொழுதுபட்டால் மாடுகள் வீதியில் வந்து படுக்கும். அவற்றுக்கு உரிமையாளர் கிடையாது. அடிபட்டுச் செத்தால் மட்டும் ஒருவர் வருவார். அன்று நான் ஒரு மாட்டைத் தவிர்க்கப்போய் மோட்டார் சைக்கிளை வீதியோரக் கிறவல் மண்ணில் இறக்கினேன். பின்னால் இருந்த மனைவி புல்லுக்குள் உருண்டு, சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். நான் வலது கையை ஊன்றி விழுந்தேன். வலது முழங்காலும் முறுகியது. மாடு படுத்த இடத்தை விட்டு எழும்பவேயில்லை.

அடுத்த நாள் காலையே வவுனியாவிலிருந்து மகள் தொலைபேசி எடுத்தாள்.

"அப்பா, இனிக் காணும். வீட்டைப் பூட்டிப்போட்டு ரெண்டு பேரும் இஞ்ச வாங்கோ. கீழ் அறை சும்மாதான் கிடக்கு."

"கை சுகம் வரட்டும், பாப்பம்."

தப்பிப்பதற்காகச் சொன்னதை அவள் உடன்படிக்கையாக எடுத்துக்கொண்டாள். கை சுகம் வந்து நான் மோட்டார் சைக்கிள் ஓடினால் இங்கே இருக்கலாம். இல்லையென்றால் கீழ் அறை. அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எங்கள் வீடு வாய்க்கால் கரையில். பஸ் அந்தப் பக்கம் வராது. மோட்டார் சைக்கிள் ஓட ஆளில்லாவிட்டால் வயலும் இல்லை, கடையும் இல்லை.

நான் நிர்வாக உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்றவன். ஆஸ்பத்திரிக்கு எந்தக் கடதாசியோடு போகவேண்டும், எந்த வரிசையில் நின்றால் எந்த வரிசைக்கு அனுப்புவார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். படம் எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை. எங்கள் பக்கத்தில் எலும்பு முறிந்தால்தான் அது காயம். பிஸ்கட் பெட்டியோடு பார்க்க வந்தவர்கள் முறிவில்லை என்று கேட்டதும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு நெல் விலையைப் பற்றிக் கதைத்தார்கள்.

வெளிநோயாளர் பிரிவு வைத்தியர் கையை மடித்து, கழுத்தில் மாட்டும் பட்டியில் போட்டு, கிளினிக் கொப்பியில் 'மறு தவணை வரை' என்று எழுதினார். முழங்காலைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. "வீக்கம் வத்தும், மெல்ல நடவுங்கோ" என்று வாயால் சொன்னதோடு சரி.

இரண்டு கிழமையில், திரும்பக் காட்டச் சொன்ன தவணை நாளில் போனேன். எலும்பு வைத்திய நிபுணர் இடமாற்றம் பெற்றுப் போயிருந்தார். பதில் ஆள் கடமையேற்கவில்லை. புதிய தவணை போட்டார்கள். அதற்கும் போனேன். அவர் இன்னும் கடமையேற்கவில்லை.

"இஞ்சருங்கோ, கையை ஒருக்காக் கழட்டி அசைச்சுப் பாருங்கோவன்" என்றார் மனைவி.

"மறு தவணை வரை எண்டு எழுதியிருக்கு. தவணை இன்னும் நடக்கேல்லை."

"நடக்காமலே போனா?"

"நடக்கும்."

"உங்கட கந்தோருக்கு வந்த சனமும் இப்பிடித்தான் கையைக் கட்டிக்கொண்டு இருந்ததோ?"

நான் கொப்பியைத் திறந்து அடுத்த தவணைத் திகதியைப் பார்த்தேன்.

இதற்கிடையில் முழங்கால் தன்பாட்டில் தேறியது. அதற்கு எவரும் உத்தரவு போடாததால் நான் வாய்க்கால் கரையில் நடந்தேன், வரம்பில் நடந்தேன். வீக்கம் வற்றியது. குந்தி இருக்கமட்டும் முடியவில்லை. குந்த வேண்டிய வேலையும் எனக்கில்லை.

கடைசியில் புதிய நிபுணர் வந்தார். என் மகளின் வயதுதான் இருக்கும்.

"தூக்குங்கோ ஐயா."

கை நெஞ்சு மட்டத்துக்கு வந்து நின்றது. பிறகு அவரே முழங்கையைப் பிடித்து மெல்லத் தூக்கிப் பார்த்தார். அதே இடத்தில் நின்றது.

"நீங்கள் தூக்க வராமல் நான் தூக்க வந்தா, தசைநாரில கிழிவு எண்டு நினைப்பன். இது ரெண்டு பேருக்கும் வரேல்லை. தோள் மூட்டைச் சுத்தியிருக்கிற உறை இறுகிப்போச்சு. சீனி வருத்தம் இருக்கோ?"

"ஓம்."

"அப்ப இன்னும் கெதியா இறுகும். ஆர் உங்களை இவ்வளவு நாளும் கட்டி வைச்சிருக்கச் சொன்னது?"

கொப்பியைத் திறந்து காட்டினேன். அவர் வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தவணை தள்ளிப்போனது தோளுக்குத் தெரியாதே, ஐயா."

மாதக்கணக்கில் பயிற்சி செய்தால் பெரும்பாலும் திரும்பும், முழுதாகத் திரும்பும் என்று சொல்லமுடியாது என்றார். உடற்பயிற்சிச் சிகிச்சை செய்பவர் சுவரில் விரல்களால் ஏறவும், கப்பியில் கயிறு போட்டு நல்ல கையால் மற்றக் கையை இழுக்கவும் காட்டித் தந்தார். எவ்வளவு நோகும் வரை இழுக்கலாம் என்று கேட்டேன்.

"நோகத் தொடங்குற இடத்தில கொஞ்சம் நில்லுங்கோ. அதுக்கு அளவு எழுதித் தரேலாது."

அளவில்லாத வேலை எனக்குப் பழக்கமில்லை. முதல் கிழமை குறைவாக இழுத்தேன். அடுத்த கிழமை கூடுதலாக இழுத்து இரவெல்லாம் விழித்திருந்தேன். அதற்குப் பிறகுதான் நடுவில் ஓரிடம் பிடிபட்டது.

கிணற்றுக்கு மோட்டர் பூட்டிய நாள்முதல் சும்மா கிடந்த கப்பியை விறாந்தைக் கூரை வளையில் கட்டியிருந்தேன். வீதியால் போன பக்கத்து வளவுக்காரர் சைக்கிளை நிறுத்தினார்.

"என்ன ஐயா, மேல கிணறு வெட்டுறியளோ?"

"ஓம். இன்னும் ஊத்துக் காணேல்லை."

மனைவி எதிரே இருந்து முருங்கையிலை உருவுவார். "நேற்றும் கன்னத்தோட நிண்டது, இண்டைக்கும் கன்னத்தோடதான் நிக்குது" என்று அறிக்கை வேறு. ஒரு நாள் சட்டையை நானே போட்டேன். பொத்தானை மாறிப் பூட்டியிருந்ததை மட்டும் சரிசெய்துவிட்டார்.

பெரிய வெறும் பைகளோடு மகள் வந்திறங்கினாள். யாருடைய உடுப்புகளுக்கு என்று கேட்கத் தேவையிருக்கவில்லை.

"தூக்குங்கோ பாப்பம்."

தூக்கினேன். கை காதுக்குச் சற்றுக் கீழே நின்றது.

"முழுசாப் போகேல்லையே."

"மோட்டார் சைக்கிளின்ர கைபிடி காதுக்கு மேலயோ கிடக்கு?"

அவள் சிரிக்கவில்லை. "அப்ப அம்மாவை ஏத்திக்கொண்டு சந்தி மட்டும் போயிட்டு வாங்கோ. பாத்திட்டுச் சொல்லுறன்."

விழுந்த நாளிலிருந்து மனைவி அதில் ஏறியதில்லை. வெளியே போவதென்றால் அயலவரின் ஓட்டோதான். இருவரும் அவரைப் பார்த்தோம். அவர் குசினிக்குள் போய் அடுப்பை நூர்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார்.

"மாட்டைக் கண்டா விலத்தாதேங்கோ. நிப்பாட்டுங்கோ."

வழமையாக என் வலது தோளைப் பிடிப்பவர் அன்று இடுப்புப் பக்கம் சட்டையைப் பிடித்தார். வாய்க்கால் கரையால் மெல்லப் போனேன். பிரதான வீதியில் ஏறுமுன் முன்பிரேக்கை அழுத்தியபோது தோளுக்குள் சுரீரென்றது. சட்டையைப் பிடித்திருந்த கை இறுகித் தளர்ந்தது. அவருக்கு விளங்கியிருக்கும்.

சந்தியில் திருப்பப் போனேன்.

"இவ்வளவு தூரம் வந்திட்டம். மரக்கறியும் வாங்குவம்" என்றார்.

வாங்கினோம். தெரிந்த ஒருவரோடு கதைத்தோம். திரும்பி வர மகள் வாசல் படலையடியில் நின்றாள்.

"எங்க போனனியள்? நான் பயந்துபோனன்!"

"கத்தரிக்காய் நல்ல பிஞ்சு" என்று சொல்லிக்கொண்டு மனைவி உள்ளே போனார்.

அந்தக் கத்தரிக்காயும், முருங்கைக்காயும், எங்கள் வயல் அரிசியும் மகளின் பைகளுக்குள் போயின. பஸ் ஏறும்போது, "இருட்டினாப் பிறகு ஓடக்கூடாது" என்றாள். ஓம் என்றேன். பிறகு ஒரு நாள் தொலைபேசியில் சொன்னாள், கீழ் அறைக்குக் கம்பஸில் படிக்கும் பிள்ளைகள் இரண்டு பேர் வாடகைக்கு வந்திருக்கிறார்களாம்.